மரப் பிளவைப் பூச்சு விரிசல் என்று குறிப்பிட்டு விற்ற கிட்டார் குறித்த புகார்

அனுப்புநர்:
கிட்டார் ஆசிரியர்,
பசுமலை, மதுரை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
பழைய இசைக்கருவிகள் விற்பனைப் பிரிவு.

பொருள்: அக்கூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகையில் உள்ள பிளவு – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். "நல்ல நிலை, பூச்சில் மட்டும் மயிரிழை விரிசல்கள், ஒலிக்கும் உறுதிக்கும் பாதிப்பில்லை" என்ற குறிப்புடன் தங்கள் இணையதளத்தில் இருந்த பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை, என்னிடம் பயிலும் பிள்ளைகள் வாசித்துப் பழகுவதற்காக ரூ. 18,500 செலுத்தி வாங்கினேன். பெட்டியைப் பிரித்த அன்றே மேற்பலகையின் மரம் பிளந்திருப்பதைக் கண்டு, படங்களுடன் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். பழைய பொருளில் தோற்றக் குறைகள் இயல்பு என்றும், அவற்றுக்காகத் திருப்பி எடுத்துக்கொள்ள இயலாது என்றும் பதில் வந்தது. நான் முறையிட்டது தோற்றக் குறையைப் பற்றி அன்று என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இந்தக் கருவியில் உண்மையிலேயே பூச்சு விரிசல்கள் இருக்கின்றன. அவற்றைக் குறித்து எனக்கு எந்தக் குறையும் இல்லை. பின்பலகையில் மர ரேகைக்குக் குறுக்காக மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்னும் மெருகுப் பூச்சுப் பூசிய கருவிகள் குளிரிலிருந்து வெப்பத்துக்கோ வெப்பத்திலிருந்து குளிருக்கோ சட்டென்று மாறும்போது, வயதாகி இறுகிப்போன பூச்சு மரத்தின் அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இவ்வாறு வெடிக்கும். இதை அழகென்று கருதி, புதிய கிட்டாரிலேயே செயற்கையாக உண்டாக்கி விற்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. அதேபோல், கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் ஒரு சிறு கோடு தெரிகிறது. இரண்டு தனித்தனி மரங்கள் கூடும் இணைப்பின் மேல் பூச்சு பிளப்பது பழைய கருவிகளில் சாதாரணமாகக் காணக்கூடியதே. கழுத்தை மெல்ல அசைத்துப் பார்த்தபோது அந்தக் கோடு திறக்கவில்லை என்பதால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

என் புகார் மூன்றாவது விரிசலைப் பற்றியது. மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜின் பின்விளிம்பிலிருந்து கிட்டாரின் அடிப்பக்க விளிம்பை நோக்கி ஏறத்தாழ 4 அங்குல நீளத்துக்கு, மேற்பலகை செய்யப்பட்ட ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் ரேகையோடு ரேகையாக இது ஓடுகிறது. மரம் காய்ந்து சுருங்கும்போது ரேகையின் வழியாகவே பிளக்கும் என்பதால், ரேகையோடு ஒட்டி ஓடும் எந்தக் கோட்டையும் பூச்சு விரிசல் என்று முடிவு செய்யும் முன் உள்ளே பார்ப்பதுதான் முறை. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, பல் மருத்துவர்கள் பயன்படுத்துவது போன்ற சிறு கண்ணாடியை ஒலித்துளை வழியாக உள்ளே விட்டு, கைப்பேசி விளக்கில் பார்த்தேன். பூச்சே இல்லாத உட்பக்க மரத்தில் அதே இடத்தில், அதே நீளத்தில் விரிசல் தெரிகிறது. விளக்கை உள்ளே வைத்து அறையை இருட்டாக்கினால் வெளியே நூல் போல வெளிச்சம் கசிகிறது. விரிசலின் ஒரு பக்கத்தை விரலால் மெதுவாக அழுத்தினால் அந்தப் பக்கம் மட்டும் கீழே இறங்குகிறது. மேலே நகத்தை ஓட்டினால் நகம் அந்தப் படியில் தட்டி நிற்கிறது. பூச்சு மட்டும் வெடித்திருந்தால் உள்ளே விரிசல் தெரியாது, வெளிச்சம் கசியாது, ஒரு பக்கம் மட்டும் கீழே இறங்கவும் செய்யாது.

இதைவிடக் கவலை தருவது, பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத் துண்டு தடையின்றி உள்ளே போவது. சாதாரண லைட் (மெல்லிய) வகை எஃகுக் கம்பிகள் ஆறையும் சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவிசை 70 கிலோவுக்கு மேல் வரும். அவ்வளவையும் தாங்குவது பிரிட்ஜும் அது ஒட்டியிருக்கும் மேற்பலகையும்தான். பிளந்த பலகையின் மேல், பாதி விடுபட்ட பிரிட்ஜோடு, இந்தக் கருவியைச் சுருதி கூட்டிப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மதுரையின் கத்திரி வெயிலாலோ வழிப் பயணத்தாலோ இந்தப் பிளவு ஏற்பட்டிருக்கலாம் என்று தாங்கள் சொல்லக்கூடும். புதிதாகப் பிளந்த ஸ்ப்ரூஸ் மரம் உள்ளே வெளிறித் தெரியும். இந்தப் பிளவின் ஓரங்களோ கறுத்திருக்கின்றன, பழைய பாலிஷும் அழுக்கும் அதற்குள் படிந்து இறுகியிருக்கின்றன. மதுரையில் வீணையும் கிட்டாரும் பழுது பார்க்கும் அனுபவமிக்க கைவினைஞர் ஒருவரிடம் காட்டியபோது அவரும் இதையே சுட்டிக்காட்டினார். பிளவைப் பசையிட்டு ஒட்டி, உட்பக்கத்தில் சிறு மரத்துண்டுகளை ரேகைக்குக் குறுக்காகப் பொருத்தி, பிரிட்ஜைக் கழற்றி மறுபடி ஒட்டினால் கருவி பிழைக்கும் என்பது அவர் கருத்து. ஆகவே இது தூக்கி எறிய வேண்டிய கருவி என்று நான் சொல்லவில்லை. பிளவு இருப்பதைச் சொல்லி, அதற்கேற்ற விலை வைத்திருந்தால் நானே வாங்கியிருக்கவும் கூடும். தங்கள் விற்பனைப் படங்களில் மேற்பலகையின் அந்தப் பகுதியில் மட்டும் விளக்கொளி பட்டு வெள்ளையாக இருப்பதையும், ஒலித்துளைக்குள் எடுத்த படம் ஒன்றுகூட இல்லாததையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கூறுகின்றன. புகாரைப் பெற்ற 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டியதும் அவ்விதிகளின்படி தங்கள் கடமையாகும். எனவே, தங்கள் செலவிலேயே கிட்டாரை என் முகவரியிலிருந்து எடுத்துக்கொண்டு, அனுப்பும் கட்டணம் உட்பட நான் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன சோதனைகளின் படங்களையும் காணொளியையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். தவறினால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர இடமளிப்பதால், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

பணம் கைக்கு வந்த பிறகும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கும். இதே கருவியை இதே குறிப்புடன் மறுபடி விற்பனைக்கு வைக்காதீர்கள். முதல் கிட்டார் வாங்கும் மாணவருக்கு உள்ளே கண்ணாடி விட்டுப் பார்க்கத் தெரியாது. தங்கள் குறிப்பை நம்பித்தான் அவர் வாங்குவார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பசுமலை, மதுரை.