குழம்புவது எது, கிடைப்பது எது

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்ததிலிருந்து ஒரு பேச்சு என் மனசை விட்டுப் போகவே இல்லை. "குறுக்கெழுத்துக் கட்டமெல்லாம் நிரம்பிடுச்சும்மா. மூணு விடை மட்டும் ஏன் சரின்னு தெரியல. ஆப்புல பச்சை காட்டிடுச்சு, விடு" என்றாய். போனில் பதில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று தாண்டிப் போய்விடுவாய். அதனால்தான் காலையில் கோப்பி கலக்கி வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விடாதே ஐயா. அந்த மூன்றையும் விடாதே.

நீ படித்துக் காட்டியதில் ஒன்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. "லண்டனில் பெரிய ஃபிளவர்" என்ற குறிப்புக்கு விடை தேம்ஸ். குறுக்கே வந்த எழுத்துகளை வைத்துப் போட்டாய், அதுவும் சரியாகிவிட்டது. ஆனால் பூவுக்கும் தேம்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாய் அல்லவா? சம்பந்தமே இல்லை. ஆங்கிலத்தில் 'ஃப்ளோ' என்றால் ஓடுவது. ஓடுகிற ஒன்றை 'ஃப்ளோயர்' என்று சொன்னால் அதற்கும் பூவுக்கும் எழுத்துக்கூட்டு ஒன்றுதான். வாய்விட்டுப் படித்தால் பூ, எழுத்தைப் பார்த்தால் ஆறு. ஆங்கிலப் புதிர்களில் மிகவும் பழகிய வித்தை இது. ஒரு தரம் விளங்கிக்கொண்டால் இனி எந்தக் குறிப்பில் ஃபிளவர் வந்தாலும் முதலில் ஆறாக இருக்குமோ என்றுதான் உனக்குத் தோன்றும். விளங்காமல் விட்டால் அடுத்த வாரமும் பூக்கடையில்தான் தேடிக்கொண்டிருப்பாய்.

மற்ற இரண்டு குறிப்புகளையும் ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்பு. ஒரு கால்புள்ளி கூட விடாதே.

இதற்கு ஏன் இவ்வளவு பெரிய கடிதம் என்று நினைப்பாய். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன்.

நீ ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது, லெபோ பாசார் தெருப் பக்கம் நம் நண்பர் ஒருவர் சனிக்கிழமைதோறும் கையால் கட்டம் போட்டுப் படியெடுத்துக் கொடுப்பாரே, நினைவிருக்கிறதா? ரொட்டி சானாய் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் அதைக் கடை மேசையிலேயே விரித்துவிடுவோம். ஒரு வாரம் மேலிருந்து கீழாக இப்படி ஒரு குறிப்பு வந்தது: "பாவிகள் போய்ச்சேரும் இடம் குழம்பினால் பெரிய ஊர் (4)". கடைசி எழுத்து 'ம்' என்று முன்பே வந்திருந்தது. நான் படித்த வேகத்தில் பேனாவை எடுத்து நரகம் என்று எழுதினேன். நீ கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, குழம்புறது நரகம்தானே? அப்ப கிடைக்கிறது வேற இல்ல?" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீச்சர் நீயா, நானா?" என்றேன்.

நரகம் என்ற சொல்லின் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பினால் நகரம். ந, க, ர, ம். அதே நான்கு எழுத்து. உன் கேள்வியில் விடை முழுசாக இருந்தது. நம் ஜார்ஜ்டவுன் 1957-ல் நகரத் தகுதி பெற்றதை வகுப்பில் வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தவள் நான். என் கண்ணுக்கு அந்தச் சொல் தெரியவில்லை.

அதன் இரண்டாம் கட்டத்திலிருந்து இடமிருந்து வலமாக ஒரு சொல் தொடங்கியது. "கோப்பையும் பல்லும் சேர்ந்தால் துறைமுகத்தில் நிற்கும் (4)". கப், பல், கப்பல். பட்டர்வொர்த் ஃபெர்ரியில் ஏறினாலே கண்ணில் படுவது. ஆனால் நான் அங்கே 'ர' எழுதிவைத்திருந்தேனே, கப்பல் எப்படி வரும்? அரை மணி நேரம் 'ர'வில் தொடங்கும் சொல்லைத் தேடினோம். கடைசியில் நீ எழுந்து போய்க் கைகழுவுகிற இடத்தில் நின்றுகொண்டாய். இரண்டு நாள் கழித்து அந்த நண்பரிடம் விடை கேட்டேன். தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. அன்று நீ சொன்னதுதான் சரி, ஐயா. அம்மா சொன்னது தவறு. இத்தனை வருஷம் கழித்தாவது சொல்லிவிட்டேன்.

நீ அன்று கேட்ட கேள்விதான் இந்த விளையாட்டின் உயிரே. குழம்புவது எது, கிடைப்பது எது. கட்டத்தில் எழுத்து உட்கார்ந்துவிட்டதால் மட்டும் அது விடையாகிவிடாது. நரகமும்தான் உட்கார்ந்தது, அதுவும் 'ம்'மில்தான் முடிந்தது.

உன் ஊர் இங்கிலாந்துக்காரர்களும் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். 1926-லிருந்து அப்சர்வர் பத்திரிகையில் டார்க்கெமாடா என்ற புனைபெயரில் ஒருவர் புதிர் போட்டார். 1939-ல் அவர் இடத்துக்கு ஸிமெனஸ் வந்தார். இரண்டுமே ஸ்பெயினில் மத விசாரணை நடத்தியவர்களின் பெயர்கள். ஸிமெனஸ் கட்சிக்காரர்கள் வைத்த நியாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குறிப்பில் விடைக்குச் சரியான பொருள் இருக்க வேண்டும், விடையை எழுத்தால் கட்டுகிற வழி இருக்க வேண்டும், இவை தவிர ஒரு சொல்லும் கூடாது. 1949-ல் ஆஃப்ரிட் என்ற பெயரில் எழுதியவர் இன்னும் சுருக்கிவிட்டார். புதிர் போடுபவர் சொல்வதையே மனசில் நினைத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் நினைத்ததைச் சொல்லியே ஆக வேண்டும் என்றார். ஏமாற்றலாம், பொய் சொல்லக்கூடாது. அவ்வளவு ஒழுங்காக ஒருவர் ஒளித்து வைத்ததை நாம் ஆப்பில் பச்சை வந்ததென்று தாண்டிப்போனால், அவர் பட்ட பாடு வீண்தானே?

நம் புலவர்களும் இதே வேலையைச் செய்தவர்கள்தான். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலில் வினாவுத்தரம் என்று ஒரு வகை உண்டு. கேள்விகளை அடுக்கிக் கேட்டு, பதில்களை ஒட்டினால் கடைசிக் கேள்விக்கு விடை வரும். அதற்கு உதாரணமாக வரும் செய்யுளில், பூமகள் யார் என்று கேட்டால் திரு. போகிறவனைப் பார்த்து 'போ' என்பதற்கு ஏகு. போர்ச் சரத்துக்குப் பெயர் அம்பு. அழகுக்குப் பெயர் அம். பிறை சூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது? திரு, ஏகு, அம்பு, அம். சந்தியோடு சேர்த்துச் சொல்லிப் பார், திருவேகம்பம்! ஆங்கிலப் புதிரில் துண்டு துண்டாக ஒட்டுகிறார்களே, அதேதான். ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக்கொண்டே போனால் வேறு வேறு சொல் வருவதற்கு அக்கரச்சுதகம் என்று பெயர். நெடிலைக் குறிலாக்கிப் பொருளை மாற்றுவது மாத்திரைச் சுருக்கம். 'பால்' என்பதில் கால் (ா) போனால் பல். பயிற்சிக் கல்லூரியில் இதையெல்லாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். உன்னோடு கட்டம் போடத் தொடங்கிய பிறகுதான் இது எவ்வளவு பெரிய ஆனந்தம் என்று எனக்கே தெரிந்தது.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு கஷ்டமும் இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து என்பதால் 'கா'வைக் 'க' என்றும் கால் என்றும் பிரித்துக் கலைக்க முடியாது. அதனால் நகரம், நரகம் மாதிரி அப்படியே இடம் மாறிப் பொருள் தருகிற சொற்கள் குறைவு. கிடைத்துவிட்டால் அன்றைக்கெல்லாம் எனக்கு சந்தோஷம்தான். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே எழுத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

இனிமேல் ஒரு பழக்கம் வைத்துக்கொள். கட்டத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு விடைக்கும் காரணத்தைப் பென்சிலால் ஒரு வரி எழுது. எந்தச் சொல் பொருள், எந்தச் சொல் வேலை செய்கிறது என்று. எழுத முடியாததைச் சுழித்து வை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது முதலில் அந்தச் சுழித்ததைப் பேசுவோம். எனக்கு ஆங்கிலம் உன் அளவுக்கு ஓடாது. ஆனாலும் இரண்டு தலை சேர்ந்தால் ஏதாவது அகப்படும்.

மருமகளை விசாரித்தேன் என்று சொல். இங்கே மழை விடாமல் பெய்கிறது. துணி காய நாலு நாள் ஆகிறது. செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு பார்சல் போட்டிருக்கிறேன். என்ன என்று போனில் கேட்டாய், நான் சொல்லவில்லை. குறிப்பு இதோ:

அநேக உறைப்போடு தீபாவளிக்குச் சுடுவது (5).

விடையை மட்டும் அனுப்பாதே. காரணத்தோடு அனுப்பு. அதற்குப் பிறகு பெட்டியைத் திற.

அன்புடன்,
அம்மா
பினாங்கு