எரிந்த சுவர் அலங்காரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் சமகாலக் கலை விழா பற்றிய உங்கள் ஞாயிறுக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஹோட்டல், நூலகம், கலரி என்று நகரம் முழுக்கப் படைப்புகளை வைப்பதை நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஆனால் கொம்பனித்தெரு றியோ தியேட்டருக்கு வந்ததும், காலத்தால் சிதைந்த வடிவான கட்டடம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். காலம் சிதைக்கவில்லை ஐயா. 1983 ஜூலைக் கலவரத்தில் எரித்தார்கள். தமிழருடைய தியேட்டர், அதோடு சேர்ந்த ஹோட்டலும் தமிழருடையது என்பதற்காக எரித்தார்கள். உங்களுக்குத் தெரியாததா இது?

அப்போது எனக்கு 22 வயது, கொழும்பில் கிளார்க் வேலை. சம்பளம் எடுத்தால் அக்காவும் நானும் றியோவில் படம் பார்ப்போம். அந்த ஜூலைக்குப் பிறகு ஒரு துணிப்பையோடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். பல வருடம் கழித்து, விழா பார்க்க மருமகள் கூட்டிக்கொண்டு போனாள். படியில் கால் வைக்க முடியாமல் கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கறுத்த சுவரில் சாய்ந்து ஒரு பிள்ளை சிரித்தபடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளில் பிழை இல்லை. சொல்லவேண்டியவர்கள் எழுதினால்தானே அவளுக்குத் தெரியும்?

இங்கே யாழ்ப்பாணத்தில் 1981இல் எரிந்த எங்கள் நூலகத்தைத் திருத்தி வெள்ளை பூசினார்கள். 97,000 புத்தகங்கள் போன இடம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு ஒரு கரிச்சுவர்கூட மிஞ்சவில்லை. எங்கள் ஓவியர் மாற்கு மாஸ்டரின் பல ஓவியங்களும் போர்க்கால இடப்பெயர்வில் தொலைந்தன. றியோவிலாவது சுவர் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். கொழும்பில் வேறொரு கண்காட்சியில் எங்கள் ஊர்ப் பிள்ளையின் ஓவியத்தைத் தேடிப் போனேன். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. தமிழில் சின்னதாக, 'ஞாபகம்' என்பதை 'ஞபகம்' என்று அடித்திருந்தார்கள். முப்பது வருடம் சித்திரம் படிப்பித்தவள் நான். விடுபட்ட அந்த ஒரு அரவுக்காக ('ா') அன்றிரவு முழுக்க நித்திரை இல்லை.

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை றியோ என்று எழுதினால் பக்கத்தில் '1983 ஜூலையில் எரிக்கப்பட்டது' என்று சேருங்கள். வடக்கிலிருந்து போகும் படைப்புகளின் பெயர்களைத் தமிழில், பிழையில்லாமல் போடுங்கள்.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை,
கொக்குவில்