பாங்குக்கு ஒரு வருஷம் முன்னாடியே வந்த மெஷின்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வீடியோ கேம் வரலாறு பத்தி வந்த கட்டுரைய இங்க கலிபோர்னியால உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க. ஆனா காசு போட்டு ஆடுற முதல் வீடியோ கேம் 1972ல வந்த, டென்னிஸ் மாதிரி பந்தடிக்கிற பாங்-னு போட்டிருந்தீங்க, அது தப்பு சார். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1971லயே, ராக்கெட்ட ஓட்டி பறக்கும் தட்டுகள சுடுற கம்ப்யூட்டர் ஸ்பேஸ்-னு ஒரு மெஷின் வந்துருச்சு. அந்த மெஷின்ல ஒண்ண ஆறு வருஷம் தேடிப் பிடிச்சு, ரெண்டு வருஷம் உக்காந்து சரி பண்ணி, இப்போ எங்க வீட்டு கராஜ்ல ஓட விட்டிருக்கேன். அந்த உரிமையில தான் இந்த லெட்டர்.

முதல்ல அது என்ன மெஷின்னு சொல்லிடறேன். 1962ல அமெரிக்காவுல எம்ஐடி காலேஜ்ல பசங்க பிடிபி-1 கம்ப்யூட்டர்ல ஸ்பேஸ்வார்னு ஒரு ராக்கெட் சண்டை கேம் எழுதி ஆடிட்டு இருந்தாங்க, பீரோக்கள வரிசையா வச்ச மாதிரி பெரிய மெஷின் அது. நோலன் புஷ்னெல்லும் டெட் டாப்னியும் ஆம்பெக்ஸ் கம்பெனில ஒண்ணா வேலை பாத்தவங்க. அந்த கேம காசு போட்டு ஆடுற மாதிரி கொண்டு வரணும்னு ரெண்டு பேரும் இறங்குனாங்க. முதல்ல ஒரு மினி கம்ப்யூட்டர் வாங்கி அதுல ஓட்டலாம்னு தான் நினைச்சாங்க, ஆனா அது வேகமும் பத்தல விலையும் கட்டுப்படியாகல, சரி கம்ப்யூட்டரே வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அதாவது பேருல தான் கம்ப்யூட்டர், உள்ள ப்ராசஸர் கிடையாது, ப்ரோகிராம்னு ஒரு வரி கூட கிடையாது, எல்லாமே ஆளுக்கொரு சின்ன வேலை மட்டும் செய்யுற சாதாரண டிடிஎல் சிப்பு, கரண்ட ஒரே பக்கமா விடுற டயோடு, ரெசிஸ்டர், அதோட ஒரு ஜெனரல் எலக்ட்ரிக் கறுப்பு வெள்ளை டிவி. அவ்வளவு தான். மவுண்டன் வியூல இருந்த நட்டிங் அசோசியேட்ஸ் தான் இத தயாரிச்சு வித்தாங்க, சுமார் 1500 மெஷின் செஞ்சாங்க. மென்லோ பார்க்ல டச் கூஸ்-னு ஒரு பார், அங்க தான் 1971 ஆகஸ்ட்ல முதல்ல வச்சுப் பாத்தாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட் காலேஜ்ல கேலக்ஸி கேம்னு இன்னொண்ணும் வந்துச்சு, அது நிஜமான பிடிபி-11 கம்ப்யூட்டர வச்சு ஓடுனது, ஆனா ஊர் ஊரா விக்கிறதுக்கு தயாரிச்சதுல கம்ப்யூட்டர் ஸ்பேஸ் தான் முதல்.

நான் சன்னிவேல்ல 22 வருஷமா இருக்கேன். சொந்த ஊரு விருதுநகர், அப்பா அங்க ரேடியோ டிவி ரிப்பேர் கடை வச்சிருந்தார், சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கத்துக்கிட்டது அவர்கிட்ட தான். இங்க ஒரு மியூசியத்துல இந்த மெஷின முதல் தடவ பாத்தப்போ அப்படியே நின்னுட்டேன். கேம் மெஷின்னா நாம பாத்தது பலகையில அடிச்ச பெட்டி தானே, இது முழுக்க ஃபைபர்கிளாஸ், எங்கயும் ஒரு நேர்கோடு கிடையாது, வளைஞ்சு நெளிஞ்சு பெயிண்டுல ஜிகினா மின்ன நிக்குது. புஷ்னெல் களிமண்ணுல சின்னதா மாடல் பிடிச்சுக் காட்ட அத வச்சு தான் இந்த பெட்டி செஞ்சாங்களாம். அன்னைக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன்.

தேடுற கதைய சுருக்கமா சொல்றேன். பழைய ஜூக்பாக்ஸ், பின்பால் வியாபாரம் பண்ணவங்க, அவங்க பசங்க, ஏலம் விடுறவங்க, பார் மூடுறவங்கன்னு கேக்காத ஆள் இல்ல. ரெண்டாவது வருஷம் ஒருத்தர் இருக்குன்னு அட்வான்ஸ் வாங்கிட்டு போனே எடுக்கல. இன்னொருத்தர் வீட்டுக்கு அஞ்சு மணி நேரம் ஓட்டிட்டுப் போனா, வெளிப் பெட்டி அழகா இருக்கு, உள்ள இருந்தத பூரா கழட்டி குப்பையில போட்டுட்டு குட்டி ஃப்ரிட்ஜ் ஒண்ண வச்சிருக்கார், எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கடைசில மொடெஸ்டோ பக்கம் ஒரு பண்ணையில கிடைச்சது. அந்தம்மாவோட வீட்டுக்காரர் எழுபதுகள்ல பார்களுக்கு மெஷின் வாடகைக்கு விட்டவராம், அவர் போனதுக்கப்புறம் கொட்டகைய காலி பண்ணிட்டு இருந்தாங்க. தார்ப்பாய விலக்குனதும் நீல ஃபைபர்கிளாஸ் மேல வெயில் பட்டு அப்படியே மின்னுச்சு. "இத எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவ?"ன்னு கேட்டாங்க, ஓட வைப்பேன்மான்னு சொன்னேன், ஓடுனா எனக்கு ஒரு வீடியோ அனுப்புன்னு மட்டும் தான் கேட்டாங்க.

வீட்டுக்குக் கொண்டு வந்து பின் கதவத் திறந்தா எலி ஒயர் பூராத்தயும் கடிச்சு வச்சிருக்கு. காசுப் பெட்டி துரு. அதெல்லாம் கூட பரவால்ல, உள்ள மூணு போர்டு இருக்கணும், நட்சத்திரம் காட்டுற சிங்க் ஸ்டார் போர்டு, ராக்கெட் படம் இருக்குற மெமரி போர்டு, நகர்த்துற மோஷன் போர்டுன்னு, அதுல மோஷன் போர்டு இருந்த இடம் காலி. யாரோ எப்பவோ வேற மெஷினுக்கு கழட்டிட்டுப் போயிருக்காங்க.

ரிப்பேர் பத்தி கொஞ்சம் விரிவா எழுதுறேன், இந்தத் தொழில்ல இருக்குற வாசகர்களுக்கு பிடிக்கும். அம்பது வருஷப் பழைய செட்ட நேரா கரண்ட்ல சொருகவே கூடாது. அப்பா சொல்லிக் குடுத்த மாதிரியே 100 வாட் பல்ப சீரீஸ்ல போட்டு டிவிக்கு சப்ளை குடுத்தேன், பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா உள்ள ஷார்ட்டுன்னு அர்த்தம். பளிச்சுன்னு தான் எரிஞ்சது. கண்டன்சர் எல்லாம் போயிருந்துச்சு, ஒவ்வொண்ணா மாத்துனேன், பிக்சர் டியூப் மட்டும் நல்லா இருந்தது என் அதிர்ஷ்டம். அடுத்தது பவர் சப்ளை. டிடிஎல் சிப்புக்கு 5 வோல்ட் தான், அது கூடிப் போச்சுன்னா ஒரு நொடில போர்டு முழுக்க காலி, அதனால போர்டு எதையும் மாட்டாம ஒரு கார் ஹெட்லைட் பல்ப லோடா போட்டு ரெண்டு நாள் ஓட விட்டு மீட்டர் வச்சுப் பாத்துட்டு இருந்தேன். அப்புறம் போர்டு. பழைய சிப்பு காலெல்லாம் வெள்ளி பூச்சு கறுத்து கரி மாதிரி ஆகியிருக்கும், கனெக்டர்ல பச்சை பூத்திருக்கும், ஸ்கூல் பசங்க அழி ரப்பர் தான் அதுக்கு மருந்து, மெதுவா தேய்ச்சு ஸ்பிரிட்டு வச்சு துடைச்சா செம்பு பளபளன்னு வந்துரும்.

மோஷன் போர்டு இல்லாமயே ஒரு நாள் ராத்திரி ஆன் பண்ணிப் பாத்தேன். ராக்கெட் இல்ல, பறக்கும் தட்டு இல்ல, ஆனா கறுப்புத் திரையில நட்சத்திரம் மட்டும் வந்துச்சு. மணி ரெண்டு இருக்கும், வீட்டுக்காரிய எழுப்பிக் கூட்டிட்டு வந்து காட்டுனேன், ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம அத பாத்துட்டே நின்னோம்.

மோஷன் போர்டுக்கு இன்னும் எட்டு மாசம் ஆச்சு. ஒஹையோல ஒருத்தர்கிட்ட பெட்டி நொறுங்கிப் போன ஒரு மெஷினோட போர்டுங்க இருந்துச்சு, அவர் காசு வாங்கல, அவர் வச்சிருந்த ஒரு பின்பால் மெஷினோட டிஸ்பிளேவ சரி பண்ணிக் குடுத்தேன், போர்ட தந்துட்டார். மாட்டினதும் ராக்கெட் வந்துச்சு. ஆனா சில பக்கம் திரும்பும்போது மட்டும் மூக்குல ஒரு புள்ளி இல்ல, மொட்டை மூக்கா இருந்துச்சு.

இங்க தான் சார் நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். இந்த மெஷின்ல ராக்கெட் படம் எந்த மெமரி சிப்புலயும் இல்ல. மெமரி போர்டுல டயோடுகள ராக்கெட் வடிவத்துலயே அடுக்கி சால்டர் பண்ணி வச்சிருக்காங்க. போர்ட கையில எடுத்துப் பாத்தா கோலத்துல புள்ளி வச்ச மாதிரி நேரா ஒரு ராக்கெட்டு, பக்கத்துல கொஞ்சம் சாஞ்ச ராக்கெட்டு, அதுக்கடுத்து இன்னும் சாஞ்சது, வெறும் கண்ணுக்கே தெரியும். மிச்ச பக்கத்துக்கெல்லாம் இதையே கண்ணாடி பிம்பம் மாதிரி திருப்பிப் போட்டுக்கும். நான் சர்க்யூட் டயகிராமும் பாக்கல, சிக்னல் பாக்குற ஸ்கோப்பும் வைக்கல, திரையில எந்த புள்ளி இல்லையோ போர்டுல அதே ராக்கெட்டோட அதே மூக்குல போய்ப் பாத்தேன், அங்க ஒரு டயோடு கால் உடைஞ்சு தொங்கிட்டு இருக்கு! மாத்துனேன், மூக்கு வந்துருச்சு. என் பொண்ணு பக்கத்துல நின்னு பாத்துட்டு "அப்பா, படத்த கையால தொடலாம்ப்பா"ன்னா. அப்பாவும் உயிரோட இருந்து இதப் பாத்திருக்கணும்னு அந்த நிமிஷம் தோணுச்சு.

இதனால தான் நான் இவ்வளவு மெனக்கெட்டேன். பின்னாடி ப்ராசஸர் வச்சு வந்த கேம்கள்ல ப்ரோகிராம் ஒரு சிப்புல இருக்கும், அத காப்பி எடுத்துட்டா பெட்டி போனாலும் கேம் பிழைச்சுக்கும். இதுல காப்பி எடுக்க ப்ரோகிராமே கிடையாது, ஒயரும் டயோடும் தான் கேம். கம்ப்யூட்டர்ல இத போலியா ஓட்டணும்னா கூட சர்க்யூட்ட ஒவ்வொரு துண்டா திருப்பிக் கட்டணும். ஒரு போர்டு பழைய இரும்புக்குப் போச்சுன்னா அந்தக் கேமே கொஞ்சம் போகுது.

பெட்டிக்கு புது பெயிண்ட் அடிக்கச் சொல்லி நண்பர்கள் நிறைய பேர் சொன்னாங்க, நான் அடிக்கல. அடியில இருந்த விரிசல மட்டும் படகு ரிப்பேர் பண்ற ரெசின், ஃபைபர் துணி வச்சு உள்பக்கமா ஒட்டுனேன். பட்டன் பக்கத்துல யாரோ சிகரெட் வச்சு சுட்ட தழும்பு ஒண்ணு இருக்கு, அதுவும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஆட்டம் எப்படின்னா, நாலு பட்டன், இடது வலது திரும்ப ரெண்டு, முன்னாடி தள்ள ஒண்ணு, சுட ஒண்ணு. ராக்கெட் ஒரு தடவ கிளம்புச்சுன்னா நிக்காது, எதிர்ப்பக்கம் திருப்பித் தள்ளுனா தான் வேகம் குறையும். சுட்ட குண்டு கூட ராக்கெட்ட திருப்புனா சேந்து திரும்பும். நேரம் முடியும்போது நம்ம ஸ்கோர் பறக்கும் தட்டுகளோட ஸ்கோர விட கூட இருந்தா திரையில கறுப்பு வெள்ளையா மாறி வெள்ளை கறுப்பா மாறி இன்னொரு ரவுண்டு கிடைக்கும். பார்ல உக்காந்திருக்குறவங்களுக்கு இது பிடிபடல, அதான் பாங் அளவுக்கு ஓடல, பாங்ல ஒரு குமிழ திருகுனாப் போதும்ல. ஆனா இதுல கத்துக்கிட்டத வச்சு தான் அந்த ரெண்டு பேரும் 1972 ஜூன்ல பாங் செஞ்ச அட்டாரி கம்பெனிய ஆரம்பிச்சாங்க, பாங் அதுக்கப்புறம் அதே வருஷம் நவம்பர்ல.

அதனால ரெண்டு விஷயம் கேட்டுக்கறேன். ஒண்ணு, திருத்தம் போடுங்க, போடும்போது டெட் டாப்னி பேரையும் சேத்துப் போடுங்க. உங்க கட்டுரையில அட்டாரி பத்தி புஷ்னெல் பேரு மட்டும் தான் இருந்துச்சு. கம்ப்யூட்டர் இல்லாம டிவி திரையில ஒரு புள்ளிய நகர்த்துற சர்க்யூட்ட போட்டுக் காட்டுனவர் டாப்னி. முதல் மாதிரிக்கு பலகையில பெட்டி அடிச்சவரும் அவர் தான், ராக்கெட் இரைச்சல் சத்தத்த ஜீனர்னு ஒரு வகை டயோடுல இருந்து எடுத்தவரும் அவர் தான். 2018ல இறந்துட்டார்.

ரெண்டாவது, எண்பது தொண்ணூறுகள்ல நம்ம ஊர்ல வீடியோ கேம் கடை வச்சிருந்தவங்க யாராவது இத படிச்சா, பரண்ல இருக்குற மெஷின காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி பின் கதவத் திறந்து போர்ட ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க, முடிஞ்சா போர்டையே கழட்டி ஒரு பழைய காட்டன் வேட்டியில சுத்தி ஈரம் படாத இடத்துல வைங்க. பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, வேர்த்துரும்.

மொடெஸ்டோ அம்மாவுக்கு வீடியோ அனுப்பிட்டேன். அடுத்த மாசம் அவங்களே நேர்ல வந்து ஆடிப் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க, அவங்களுக்காக மெஷினோட பழைய சாவியக் கூட துரு எடுத்து வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
சன்னிவேல், கலிபோர்னியா