மண்டலேயிலிருந்து ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கும், எங்கள் சபையையோ எங்கள் விசுவாசத்தையோ கேட்காமல் ஓடிவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

தனித்தனியாக எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை. போனில் பேசலாம் என்றால் பாதிப் பேச்சில் லைன் போய்விடுகிறது. அம்மாதான், "எல்லாருக்கும் சேர்த்து ஒரே கடிதமா எழுதிடு. பேரெல்லாம் போடாதே, ஒருத்தர் விட்டுப்போனாலும் வருத்தப்படுவாங்க" என்றார். அதனால் இதில் யார் பெயரும் இல்லை. படிக்கிறபோது உங்களுக்கே தெரிந்துவிடும்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை பகல் 12.50க்கு இங்கே மியான்மரில் வந்த நிலநடுக்கத்தை நீங்கள் எல்லாரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதன் அளவு 7.7 என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் சமையலறைச் சுவர் அம்மாவின் கால்மேல் கிடக்கிறது என்பதுதான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பெரிதாக ஆடியது. அந்த ஆட்டத்திலும் வெளியே ஓடாமல் உள்ளேயே நின்றவர் எதிர்வீட்டு ஊலே (பர்மிய மொழியில் மாமா என்று கூப்பிடுகிற சொல், பெயர் இல்லை). அவரும் அவர் மகன்களும் கார் டயர் மாற்றுகிற ஜாக்கியைச் சுவருக்கு அடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். கிரேனும் இல்லை, மெஷினும் இல்லை; ஊர் முழுக்க அன்று கையும் கடப்பாரையும்தான். ஊலே தினமும் புத்தர் முன்னால் விளக்கேற்றுகிறவர். அம்மாவை வெளியே இழுத்துப் போட்டதும் அவர் என்னிடம், "உங்கள் சாமிக்கு நன்றி சொல்லு" என்றார். சொன்னேன் ஊலே. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீரோடு வந்த பாய்க்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ரமலான் மாதத்துக் கடைசி வெள்ளி அது. ஜும்மா தொழுகைக்குப் போன அவருடைய தம்பி திரும்பி வரவில்லை. பள்ளிவாசல் இடிபாட்டில் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். நோன்பும் திறக்காமல் வந்து, "பாட்டிக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டு ஜெபத்தில் அவர் தம்பியின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி நினைக்கிறோம். அவருக்கும் அது தெரியும்.

ஆஸ்பத்திரி என்றால் அப்போது ஆஸ்பத்திரி வாசல்தான். கட்டடத்துக்குள் போகப் பயம். நாற்பது டிகிரி வெயிலில் மரத்தடியில் பாய் விரித்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தூங்காமல் நின்ற நர்ஸ் பெண்களில் எத்தனை பேருக்குத் தங்கள் வீடு நிற்கிறதா விழுந்ததா என்றுகூடத் தெரியாது. எங்கள் சபைச் சகோதரிகள் முறை வைத்து வந்தார்கள். கஞ்சி கொண்டுவந்தார்கள், அட்டையால் விசிறினார்கள், அம்மாவுக்கு மட்டுமல்ல, பக்கத்துப் பாயில் கிடந்தவர்களுக்கும்தான். பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரை 1824இல் அன்றைய தலைநகர் ஆவாவின் சிறையில் போட்டபோது அவர் மனைவி ஆன் சோறு சுமந்துகொண்டு சிறைவாசலுக்கு நடந்ததையும், அதிகாரிகளிடம் போய்ப் போய்க் கெஞ்சியதையும் இங்கே ஞாயிறு பள்ளியில் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். ஆவா எங்களுக்கு ரொம்பப் பக்கம். அக்கா தங்கச்சிகளே, நீங்கள் தூக்குச்சட்டியோடு வந்து நின்றபோது எனக்கு அந்தக் கதைதான் நினைவு வந்தது.

அப்புறம் இந்திய ராணுவம் இங்கே போட்ட கள மருத்துவமனை. அங்கே ஒரு தம்பி வந்து அம்மாவிடம் தமிழிலேயே, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார். அதுவரை வாய் திறக்காத அம்மா, கால் வலியில் தொடங்கி, 1964இல் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டபோது எங்கள் தாத்தா கடை பறிபோனது வரைக்கும் அவரிடம் சொல்லி முடித்துவிட்டார். பின்னால் வரிசை நின்றது. அந்தத் தம்பி அவசரப்படுத்தவே இல்லை.

யாங்கோன் (ரங்கூன்) சகோதரர்களே, உங்கள் லாரியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் வந்த உதவியெல்லாம் தண்ணீரும் நூடுல்ஸும்தான். குறை சொல்லவில்லை, அதைத்தான் தின்று உயிரோடிருந்தோம். ஆனால் நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் போன் பண்ணி, "என்ன வேணும்? வெட்கப்படாம சொல்லுங்க" என்று கேட்டீர்கள் பாருங்கள், அது பெரிய விஷயம். தார்ப்பாய், கொசுவலை, டார்ச், பெரியவர்களுக்குப் பிரஷர் மாத்திரை, பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் என்று சொன்னோம். கேட்டதெல்லாம் வந்தது. விரிசல்விட்ட நெடுஞ்சாலையில் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த பிள்ளைகள் ஒருவாய்ச் சோறு தின்றுவிட்டு, "சரி, சகாயிங் பக்கம் இன்னும் மோசமாம்" என்று பாதிச் சாமானோடு கிளம்பிவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற சகாயிங்குக்குப் போக 1934இல் கட்டிய பழைய ஆவா பாலம் ஆற்றில் விழுந்து கிடந்ததால் அடுத்த பாலத்தில் சோதனைக்குக் காத்திருந்துதான் போக வேண்டியிருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் காலமில்லாக் காலத்தில் மழை கொட்டிய இரவு, தெருவில் படுத்திருந்த நாங்களும் ஊலே குடும்பமும் பாய் குடும்பமும் உங்கள் தார்ப்பாய்களுக்கு அடியில்தான் இருந்தோம்.

தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்கு இனி. அறுபதுகளில் கப்பலேறிப் போன பெரியப்பா வழிப் பிள்ளைகள் நீங்கள். மண்டலேயைப் பார்த்ததே இல்லை. உபவாசமிருந்து ஜெபித்தீர்கள். ஜெபக் குறிப்பு அனுப்புங்கள் என்று கேட்டு, பெயர் பெயராக எழுதி வைத்துக்கொண்டு, மறுவாரம் "அந்தப் பையனுக்குக் காய்ச்சல் இறங்கிச்சா?" என்று விசாரித்தீர்கள். அந்தப் பையன் எங்கள் சபைப் பிள்ளைகூட இல்லை, பக்கத்துத் தெரு பௌத்தக் குடும்பம். அவனுடைய அம்மாவே வந்து, "இந்தியாவுக்கு அனுப்புற லிஸ்டில் என் மகன் பேரும் போடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடமும் போனான்.

ஒன்றை மட்டும் மனம்விட்டுச் சொல்கிறேன். இது தேவனுடைய நியாயத்தீர்ப்பு, இந்தத் தேசத்தின் பாவம் என்று எங்கெங்கிருந்தோ செய்திகள் வந்தன. 3,000க்கும் மேற்பட்டவர்கள் செத்த ஊர்களுக்கு அனுப்புகிற செய்தியா அது? தொழுகையில் இருந்தவர், தேர்வு எழுதிக்கொண்டிருந்த புத்த பிக்கு, தொட்டிலில் கிடந்த பிள்ளை, எல்லாரையும் பாவக்கணக்கில் எழுத யார் இவர்களுக்குப் பேனா கொடுத்தது? ஏப்ரல் 20 ஈஸ்டர் ஆராதனை, விரிசல்விட்ட ஆலயத்துக்குள் போகாமல் முற்றத்தில் நடந்தது. அன்று எங்கள் பாஸ்டர் ஐயா லூக்கா 13ஐ வாசித்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்கிறார். ஐயா அதற்குமேல் பிரசங்கம் பண்ணவில்லை. அதற்காகவும் அவருக்கு நன்றி.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார். பின்பக்கம் தகரக் கூரை போட்டிருக்கிறோம். நீங்கள் அனுப்பிய பணத்தில் மீந்ததைச் சகாயிங்கில் இன்னும் கூடாரத்தில் இருக்கிற இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்தோம். கணக்கு நோட்டு சபைப் பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஜெபக் குறிப்பில் அவர்களை எடுத்துவிடாதீர்கள். அம்மா பெயரை வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்று அம்மாவே சொல்லச் சொன்னார்.

யாங்கோன் சகோதரர்களுக்கு ஒரு விஷயம்: உங்கள் பெரிய அண்டா இரண்டும் கரண்டிகளும் இங்கே பத்திரமாக இருக்கின்றன. கிறிஸ்துமஸ் விருந்துக்கு உங்களுக்கு வேண்டியிருக்கும். அடுத்து வருகிற லாரியில் ஏற்றி அனுப்புகிறோம்.

அன்புடன்,
அம்மாவுக்காகவும் எங்கள் வீட்டார் எல்லாருக்காகவும்,
மூத்த மகள்