‘முயலும்’ என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுமக்களைக் கூட்டி அரசுக்குப் பரிந்துரை வழங்கச் செய்யும் அயர்லாந்தின் குடிமக்கள் பேரவையைப் பாராட்டித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கருக்கலைப்புத் தடையை நீக்க 2018இல் 66 விழுக்காட்டினர் வாக்களித்ததற்கு அந்தப் பேரவையே வழிவகுத்தது என்பது உண்மை. ஆனால் குடும்பம், பராமரிப்பு ஆகியவை குறித்த இரண்டு அரசியலமைப்புத் திருத்தங்களுக்காக 2024 மார்ச் 8 அன்று நடந்த பொது வாக்கெடுப்புகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. டப்ளினில் வாழ்பவளாகவும், குடியுரிமை பெற்று அன்று வாக்களித்தவளாகவும் இதை எழுதுகிறேன்.

பெண் தன் இல்வாழ்வால் அரசுக்குத் துணைநிற்கிறாள் என்றும், வறுமையின் பொருட்டுத் தாய்மார்கள் வீட்டுக் கடமைகளை விட்டு வேலைக்குப் போக நேராதபடி அரசு முயல வேண்டும் என்றும் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு சொல்கிறது. இது மாற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பொதுமக்களிலிருந்து தெரிவு செய்யப்பட்ட 99 பேரைக் கொண்ட பேரவையும் 2021இல் அதையே சொன்னது. அத்துடன், வீட்டிலும் சமூகத்திலும் நடைபெறும் பராமரிப்புக்கு நியாயமான நடவடிக்கைகளை எடுக்கும் கடமை அரசுக்கு இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசு கொண்டுவந்த வரைவிலோ சமூகம் போய்விட்டது, கடமையும் போய்விட்டது. குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் செய்யும் பராமரிப்புக்கு ஆதரவளிக்க அரசு ‘முயலும்’ என்பதே எஞ்சியது. 87 ஆண்டுகள் கழித்தும் அதே முயற்சிதான்!

என் மகனால் தானாக நடக்க முடியாது. அவனுக்கு வேண்டிய சிகிச்சைக்காக மூன்று ஆண்டுகள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தோம். அன்று காலை அவனுக்கு உணவூட்டி, சக்கர நாற்காலியில் அமர்த்தி, எங்கள் பகுதிப் பள்ளியில் இருந்த வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றேன். வாக்குச்சீட்டில் ஆங்கிலத்தோடு ஐரிஷிலும் ‘தா’, ‘நீல்’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஐரிஷ் மொழியில் ‘ஆம்’ என்பதற்கெனத் தனிச்சொல் கிடையாது. ‘தா’ என்றால் உண்டு, ‘நீல்’ என்றால் இல்லை. தமிழில் ‘தா’ என்பது கேட்கும் சொல் என்ற நினைவு அந்த வேளையில் வந்து நெஞ்சை அடைத்தது. திருமணத்துக்கு அப்பாலும் குடும்பத்தை விரிவுபடுத்தும் திருத்தத்துக்கு ‘தா’ என்றும், பராமரிப்புத் திருத்தத்துக்கு ‘நீல்’ என்றும் வாக்களித்தேன்.

முன்னதை 67.7 விழுக்காட்டினரும் பின்னதை 73.9 விழுக்காட்டினரும் நிராகரித்தனர். அயர்லாந்தின் பொது வாக்கெடுப்பு எதிலும் அதற்குமுன் பின்னதற்கு நேர்ந்த அளவுக்குப் பெரிய விழுக்காட்டில் எதிர்ப்பு பதிவானதில்லை. அதுவும் பெரிய கட்சிகள் அனைத்தும் ஆதரவு கேட்ட பிறகு. எல்லோரும் ஒரே காரணத்துக்காக எதிர்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்நாடு பழமைக்குத் திரும்பிவிட்டது என்று சிலர் எழுதியது, உரிமை கேட்டு எதிர்த்த மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்த அநீதி.

1937இன் வாசகம் இன்றும் அப்படியே இருக்கிறது. இப்பொருள் குறித்துத் தாங்கள் மீண்டும் எழுதும்போது, பேரவையின் பரிந்துரையையும் அரசின் வரைவையும் அருகருகே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
டப்ளின்.