பாப்பாவின் கண்ணைக் காத்தவர்களுக்கு

30 வாரத்திலேயே பிறந்துவிட்ட எங்கள் மகள், 41 நாள் கழித்து முந்தாநாள் தாராவி 90 அடி ரோட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நேரிலேயே கும்பிட்டு நன்றி சொன்னோம். டிஸ்சார்ஜ் சீட்டில் பேர் வராதவர்களுக்கு இந்த மடல்.

அவள் பிறந்த நர்சிங் ஹோமில் குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரின் திரை, உடம்புச் சூடு 36.5 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. என் அம்மாதான் காலைத் தொட்டுப் பார்த்து, "பிள்ளைக்குக் காலு ஜில்லுனு கெடக்கே" என்று பதறினாள். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 35.2. பிறந்த குழந்தைக்கு 36.5-க்குக் கீழே போகவே கூடாது. உடம்பில் ஒட்டும் சென்சார் பழுது. கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்டேன், அங்கே யாருக்கும் தெரியவில்லை. அன்றே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம்.

அங்கே ஒன்பதாம் நாள் ராத்திரி, கொட்டும் மழை. மூக்கு வழியாக ஆக்சிஜன் கலந்த காற்று போய்க்கொண்டிருந்தது. மார்த்தாண்டம் சிஸ்டர் மானிட்டரையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "மெஷின் 25 சதவீதம்னு காட்டுது, பாப்பா ரத்தத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷன் 99-க்கு ஏறுதே" என்று, மெஷின்களைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவுக்கு உடனே போன் போட்டார்.

சொட்டச் சொட்ட நனைந்து வந்த தம்பி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். பாப்பாவை வேறு மெஷினுக்கு மாற்றிவிட்டு, பழையதில் ஆக்சிஜனை அளக்கும் செல்லைக் கழற்றி வெறும் காற்றில் பிடித்துக் காட்டினார். 21 சதவீதம் காட்ட வேண்டியது 17 காட்டியது. பேட்டரி மாதிரி அதுவும் தீர்ந்துபோகுமாம். அளவு குறைவாகத் தெரிந்தால் யாரும் கூட்டித்தானே வைப்பார்கள்? குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் மிஞ்சினால் விழித்திரை ரத்தக்குழாய்கள் கெடும், பார்வையே போகலாம். குறைந்தாலோ உயிருக்கே ஆபத்து. இதையெல்லாம் அந்த நேரத்திலும் இந்தியில் பொறுமையாக எனக்குப் புரிய வைத்தார். புது செல் போட்டு, 21 வந்ததைப் பார்த்துவிட்டு, தேதி எழுதிய சீட்டை ஒட்டிய பிறகுதான் கிளம்பினார்.

அந்த செல்லை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த ஸ்டோர் அண்ணனுக்கும், சென்சார் வயர்களை மடங்காமல் சுருட்டித் துடைத்து வைக்கும் ஆயாம்மா மாவ்ஷிக்கும் எங்கள் வணக்கம்.

28-ஆம் நாள் கண் டாக்டர் பார்த்து, விழித்திரை நன்றாக இருக்கிறது என்றார். என் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

வரும் ஞாயிறு பாப்பாவுக்குப் பேர் வைக்கிறோம். நைட் டியூட்டி முடித்து நேரே வந்துவிடுங்கள். இட்லி சூடாக இருக்கும்.