பணம் கிடைக்காதவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் சிறுதொழில் வளர்ச்சித் துறை அமைச்சருக்கும், சிறுதொழில் வளர்ச்சி மற்றும் நிதி முகமையின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். இந்த மடலின் ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியாக வருகிறது. இங்கே தமிழில் எழுதுவது, எங்கள் கடைக்காரர்களும் கோயில் கமிட்டிக்காரர்களும் படித்துவிட்டு என்னோடு சண்டை போடட்டும் என்பதற்காக.

2024 அக்டோபரில் சிறுதொழில்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தந்த சேடாவையும், கடன் தந்த செஃபாவையும், கூட்டுறவு வங்கி முகமையையும் ஒன்றாக்கினீர்கள். ஒரே வாசலில் வேலை முடிந்தால் நல்லதுதான். 1996இல் சிறுதொழில் கடனுக்கான குலா நிறுவனம், 2004இல் சேடா, 2012இல் செஃபா, 2014இல் தனித் துறை என்று பெயர்ப்பலகைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆனால் சிறுதொழில் உதவித் திட்டத்தின் பலன் என்று எங்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: இத்தனை பேருக்குப் பயிற்சி, இத்தனை மில்லியன் ரேண்ட் கடன், இத்தனை வேலைகள் காப்பாற்றப்பட்டன. காப்பாற்றப்பட்டது என்று எப்படித் தெரிந்தது? உதவி கிடைக்காமல் போயிருந்தால் அந்த வேலை போயிருக்குமா? நான் கேட்க வருவது இது ஒன்றைத்தான்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் கலவரம், கொள்ளை. 2022 ஏப்ரலில் வெள்ளம். 2023 முழுக்க லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு. அப்புறம் 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் மின்சாரம் நிற்காமல் வந்தது. 2021 தொடக்கத்தில் கடன் வாங்கிய ஒரு மசாலா மில்லை நினைத்துப் பாருங்கள். அடுத்த வருடம் அது நொடித்துப் போயிருந்தால் குற்றம் திட்டத்தின் மேலா? 2024 பிப்ரவரியில் கடன் வாங்கிய பேக்கரியின் விற்பனை ஏறியிருந்தால், பெருமை திட்டத்துக்கா, மின்சாரத்துக்கா? முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் இரண்டு கடைகளைப் பற்றியும் தப்பாகத்தான் எழுதுவோம். அதே தெருவில் கடன் வாங்காத மில்லும் பேக்கரியும் என்ன ஆயின என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

இன்னொன்று, யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பது. கம்பெனிப் பதிவு, வரி பாக்கி இல்லை என்ற சான்று, வங்கிக் கணக்கு விவரம், தொழில் திட்டம் எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பவர் பாதி ஜெயித்தவர். உங்கள் பணம் இல்லாவிட்டாலும் அவர் எப்படியோ மேலே வந்திருப்பார். வீட்டில் சமோசாவும் ஊறுகாயும் போட்டு விற்கும் அக்கா உங்கள் வாசலுக்கே வருவதில்லை. முதலாமவர் வளர்ந்ததைத் திட்டத்தின் வரவில் எழுதுவது, கணக்குத் தெரிந்தவர் செய்கிற காரியமில்லை.

வழி இல்லாமல் இல்லை. நைஜீரிய அரசு 2011இல் தொழில்முனைவோருக்கான ஒரு போட்டி நடத்தியது. சுமார் 24,000 விண்ணப்பங்கள் வந்தன, பரிசு 1,200 பேருக்கு. முன்னணியில் இருந்தவர்களை நேரடியாக எடுத்துக்கொண்டு, அடுத்த தகுதியில் இருந்தவர்களிலிருந்து 729 பேரைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கலில் விழாதவர்களையும் விடாமல் தொடர்ந்து விசாரித்ததால், பணம் உண்மையிலேயே தொழிலை வளர்த்தது என்று அடித்துச் சொல்ல முடிந்தது. டோகோவில் 1,500 சிறு வியாபாரிகளை வைத்து இதே முறையில் இருவகைப் பயிற்சிகளைச் சோதித்தார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. தானே முன்வந்து புது வாய்ப்பு தேடும் மனப்பான்மையை வளர்த்த பயிற்சியால் லாபம் 30 சதவீதம் கூடியது. கணக்கு எழுதுவது, சந்தைப்படுத்துவது என்ற வழக்கமான பயிற்சிக்கு அப்படி உறுதியான பலன் தெரியவில்லை. என் பிழைப்புக்கே இது கசப்பான செய்தி, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

குலுக்கலா, இது என்ன லாட்டரியா என்று கேட்பார்கள். பணம் கொஞ்சம், கேட்பவர் நிறைய என்றால் யாரோ ஒருவர் வெறுங்கையோடுதான் திரும்பப் போகிறார். தகுதி சமமாக இருக்கும் இடத்தில் மட்டும் குலுக்குங்கள். அவருக்கு உள்ளே ஆள் தெரியும் என்ற பேச்சாவது அடங்கும்.

ஸ்பாஸா கடைகளுக்கு, அதாவது டக் ஷாப் என்றும் சொல்லும் குடியிருப்புப் பகுதிச் சிறு மளிகைக் கடைகளுக்கு, 500 மில்லியன் ரேண்ட் நிதி அறிவித்திருக்கிறீர்கள், ஒரு கடைக்கு 300,000 வரை. அந்தப் பணத்தில் ஒரு டக் ஷாப் புது ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டால், எதிர்வீட்டு டக் ஷாப்பின் வாடிக்கையாளர் இங்கே வந்துவிடுவார். இங்கே ஒரு வேலை கூடியது என்று எழுதும் கை, அங்கே ஒன்று குறைந்ததையும் எழுத வேண்டாமா? எனவே கடை கடையாக இல்லாமல் தெருத் தெருவாகக் கணக்கெடுங்கள். இந்தக் கடைகள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 நவம்பரில் வந்த உத்தரவால் மூடிய கடைகளை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

தயவுசெய்து இதற்காக இன்னொரு படிவம் வேண்டாம். வருமானவரித் துறையிடமும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியிடமும் விற்பனையும் ஆள்கணக்கும் ஏற்கனவே இருக்கின்றன. பதிவில்லாத கடைகளுக்கு மட்டும் ஆள் அனுப்பி விசாரித்தால் போதும். விண்ணப்பத்தில் ஒரு வரி சம்மதம் வாங்குங்கள், நிராகரிக்கப்பட்டவரிடமும். மூன்று வருடம் கழித்து இரு தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள், வேலை செய்யாத திட்டங்களின் பெயர்களோடு. அடுத்த விண்ணப்பச் சுற்று திறக்கும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். பணம் போன பிறகு ஒப்பிட ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்